ஏட்டில் ஏறாத அறிவு

மலாக்கா நகரத்தை அடுத்து, ஆயர் குரோவின் பக்கத்தில், புக்கிட் காத்தில் என்றொரு முக்கிம் உண்டு. மலாய் மொழியில் 'புக்கிட்' என்பது குன்று. 'காத்தில்' என்பது கட்டில். அக்குன்றுக்கு அப்பெயர் வந்த கதை எதுவாயினும் ஆகுக. 'காத்தில்' என்னும் சொல் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றது என்பதில் ஐயமில்லை. கப்பல் 'காப்பால்' ஆனதும், கடை 'கெடாய்' ஆனதும், முதல் 'மோடால்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும் அவ்வாறே. இச்சொற்களை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. எந்த ஏடும் சுமந்து வரவில்லை. துறைமுகத்திலும் அங்காடியிலும் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குச் சென்று, அங்கேயே வேரூன்றிவிட்டன. சொல் நிலைத்தது, அதனைக் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்னும் செய்தி மட்டும் காற்றோடு போயிற்று.

செவிவழி அறிவின் வலிமையும் குறையும் இவ்வொரு பெயரிலேயே அடங்கியுள்ளன. இன்று அக்குறையை நீக்க ஒரு கருவி வந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி எண்பதைக் கடந்துவிட்டார். பேரனின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதிலே படம் பிடிக்கலாம், குரலைப் பதியலாம், நொடியில் உலகெங்கும் அனுப்பலாம். ஆகவே, "பெரியவர்கள் அறிந்ததையெல்லாம் பதிந்து வைத்துவிட்டால் போதும், அறிவு தப்பிவிடும்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். போதுமா என்பதே கேள்வி. இதற்கு விடை தேடுவார் கணிப்பொறி நூல்களைப் புரட்டுவதற்கு முன்னர்த் தமிழ் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. ஏனெனில் ஓர் ஊர்தியிலிருந்து இன்னோர் ஊர்திக்கு அறிவை மாற்றி ஏற்றும் வேலை தமிழருக்குப் புதியதன்று.

பனையோலை அவ்வளவு நீண்ட ஆயுள் உடையதன்று. செல்லும் ஈரமும் அதற்குப் பகை. ஓரிரு நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். எழுதாத நூல் இறந்தது. எழுதிய நூலும் தானாகப் பேசுவதில்லை. ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு காட்டுவதில்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே வடிவில் நிற்கும். 'கொடு'வும் 'கோடு'வும் அப்படியே. நெருப்பா நீர்நிலையா என்பதை முடிவு செய்ய, முன்பே அதனைக் கேட்டறிந்த ஆசான் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறை சொல்ல, பிள்ளைகள் திரும்பச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டதன் பயன் இதுவே. ஓலை என்பது நினைவுக்குத் துணையாக இருந்ததேயன்றி, நினைவுக்கு மாற்றாக இருந்ததில்லை.

இதற்கு யாவரும் அறிந்த சான்று சீவக சிந்தாமணிப் பதிப்பு. உ. வே. சாமிநாத ஐயர் 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைக் கேட்ட கேள்வியும், அதனால் சிந்தாமணி ஏட்டை அவர் கையில் எடுத்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் பலர் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. ஏடு கிடைத்தது; நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்ட புலமையும் ஐயருக்கு இருந்தது. அப்படி இருந்தும் நூல் விளங்கவில்லை. சமண சமயத்தாரின் கொள்கைகளும் வழக்குகளும் அவருக்குப் பழக்கமில்லாதவை. அவ்வறிவு எங்கே இருந்தது? குடந்தையிலேயே, அவர் வாழ்ந்த ஊரிலேயே, சமணக் குடும்பங்களில் இருந்தது. அவர்கள் சிந்தாமணியைப் பாடமாகக் கேட்டும் பாராயணம் செய்தும் வந்தனர். ஐயர் அவர்கள் வீட்டிற்குச் சென்றார், அமர்ந்தார், கேட்டார். 1887-ஆம் ஆண்டு நூல் அச்சேறியது. எழுத்தை ஏடு தந்தது. பொருளை மனிதர் தந்தனர். அம்மனிதர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே மறைந்து போயிருப்பின், ஏடுகள் அத்தனையும் இருந்தும் சிந்தாமணியின் பல பகுதிகள் இருளிலேயே கிடந்திருக்கும்.

அச்சு ஊர்தியிலிருந்து மின்னணு ஊர்திக்கு மாறிய கதையில் மலேசியத் தமிழர்க்கு முன்வரிசையில் இடமுண்டு. 1985-ஆம் ஆண்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் கணித்திரையில் தமிழ் எழுதப் பலருக்கு வழி திறந்தது. (அவர் தந்தையார் முரசு நெடுமாறன், மலேசியத் தமிழ்க் கவிதைகளைக் களஞ்சியமாகத் தொகுத்தவர் என்பதும் நினைக்கத்தக்கது. தந்தை தொகுத்தார், மகன் தொகுப்பதற்கான கருவி செய்தார்.) 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்; பல நாடுகளில் இருந்த தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கினர். 2001-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ் மரபு அறக்கட்டளை தோன்றியது. நூல்களை மின்னாக்கம் செய்வதோடு, 'மண்ணின் குரல்' என்னும் பெயரில் மனிதர் குரல்களையும் அது பதிந்து வருகிறது. இலங்கையில், 1981-ஆம் ஆண்டு தீக்கு இரையான யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அத்துயரை அறிந்த சமூகத்திலிருந்து 2005-ஆம் ஆண்டு 'நூலகம்' என்னும் இணைய நூலகம் எழுந்தது. நூல், இதழ், சுவடி என்ற எல்லையில் நில்லாமல் வாய்மொழி வரலாறுகளையும் அஃது இன்று சேர்த்து வருகிறது.

இவையெல்லாம் போற்றத்தக்க பணிகள். எனினும் மின்னணு ஏடு செல் அரியாத ஏடு என்று கருதிவிடுதல் பிழை. 1990-களில் தமிழ் எழுதுவதற்குப் பலவகைக் குறிமுறைகள் இருந்தன. திஸ்கி ஒன்று, 1999-இல் வந்த டாம், டாப் என்பன வேறு. அக்காலத்தில் தட்டெழுதிச் சேமித்த கட்டுரைகளை இன்று ஒருங்குறி மட்டுமே அறிந்த கணிப்பொறியில் திறந்தால், பொருளற்ற குறிகளே வரிசையாக நிற்கும். மாற்றித் தரும் மென்பொருள் இருந்தால்தான் தமிழ் தெரியும். புள்ளியில்லா ஏட்டைப் படிக்க ஆசான் வேண்டியிருந்ததைப் போன்றதே இதுவும். ஒலிநாடாவும் நெகிழ்வட்டும் அதே வழியில் சென்றன. நாடா இருக்கிறது, அதனை இயக்கும் பெட்டி இல்லை. நூறாண்டுக்கு ஒருமுறை ஏடு பெயர்த்தெழுதிய சமூகம் இனிப் பத்தாண்டுக்கு ஒருமுறை கோப்புகளைப் பெயர்த்தெழுத வேண்டியிருக்கிறது. வேலை குறையவில்லை, விரைவுதான் கூடியிருக்கிறது.

இதுவரை கூறியது நூல்களின் கதை. நூல்கள் எளிய பாதி. ஏட்டில் ஒருநாளும் ஏறாத அறிவு மற்றொரு பாதி. மலாக்காத் தோட்டத் தமிழரின் செல்வம் பெரும்பாலும் அதுவே.

ரப்பர்த் தொழிலை எடுத்துக்கொள்வோம். மலாயாவில் வாணிக நோக்கோடு ரப்பர் முதன்முதலில் நடப்பட்டது மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டு, புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் நட்டார். அவருக்கு ஊக்கமளித்தவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி. மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டவர் அவரே. வரலாற்று நூல்களில் இவ்விரு பெயர்களும் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அம்முறையை நாள்தோறும் பல இலட்சம் மரங்களில் செய்து காட்டிய கைகள் பெரும்பாலும் தமிழருடையவை. பெண்களின் கைகளே அவற்றில் கணிசமானவை.

அக்கைகள் அறிந்தது எளிதன்று. பால் குழல்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலின் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செல்ல வேண்டும். அப்போதுதான் மிகுதியான குழல்கள் அறுபடும். ஒருமுறை சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் மிகுந்தால் பட்டையை வளர்க்கும் மெல்லிய உயிரடுக்கில் கத்தி பட்டு மரம் முண்டு கட்டிவிடும். புதுப்பட்டை வளர்ந்த பின்னரும் அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. அந்த உயிரடுக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. பட்டையைச் சீவும்போது கத்தி எழுப்பும் ஒலியும், கைக்குத் தோன்றும் இழுப்புமே அளவுகோல். விடியுமுன் வெட்டுவது எதனால்? இரவில் நீருண்ட மரத்தின் உள்ளழுத்தம் அப்போது மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளரும், பாலும் நிற்கும். அறிவியலார் இதற்குக் காரணம் கூறுவர். வெட்டுமரத்தார்க்கு இது பெரட்டு மணியாகவே பழக்கம். பட்டை நனைந்திருந்தால் கத்தியை வைப்பதில்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும் என்று கணக்கிட்டுக் குடும்பச் செலவைச் சுருக்குவர். இவற்றையெல்லாம் எந்தத் தோட்டப் பள்ளிப் பாடநூலும் சொன்னதில்லை. தாயின் பின்னால் மங்கு துடைத்துக்கொண்டும் கட்டிப்பால் பொறுக்கிக்கொண்டும் சென்ற பிள்ளை கண்டு கற்றது இது.

'பெரட்டு' ஆங்கிலப் 'பரேடு'. 'மங்கு' மலாய் 'மங்கோக்'. 'கிராணி' மலாயிலும் வழங்கும் சொல். ஒரு தோட்டத்தின் பேச்சை அகராதியாக எழுதினாலே மூன்று மொழிகளின் வரலாறு கிடைக்கும். இச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்கிய தமிழாசிரியர்களும் இருந்தனர். தூய்மைக்குக் குரல் கொடுத்தது தவறில்லை. குறித்து வைக்காமல் விட்டதுதான் தவறு.

மூலிகை அறிவிலும் இக்கலப்பைக் காணலாம். தமிழகத்திலிருந்து வந்த பாட்டிமார் தாம் அறிந்த செடிகளை இம்மண்ணில் தேடினர்; தேடும்போது மலாய் அண்டைவீட்டாரைக் கேட்டனர். வல்லாரை இங்கே 'பெகாகா'வாக இருந்தது. கீழாநெல்லியை மலாய்க்காரர் 'டுக்கோங் அனாக்' என்கின்றனர்; பிள்ளையைச் சுமப்பது என்பது அதன் பொருள். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய்கள் தொங்குவதைக் கண்டு ஒருவர் 'கீழே நெல்லி' என்றார். அதே காட்சியைக் கண்டு மற்றவர் 'முதுகில் பிள்ளை' என்றார். இரண்டு பெயரையும் அறிந்த பேத்தி இலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றவள். ஒரு பெயரும் அறியாமல் இணையத்தில் படம் பார்த்துச் செடி பறிப்பவள் வேறொரு செடியைக் கொண்டுவந்து சேர்ப்பாள். மருந்துச் செடியில் அப்பிழை சிறு பிழையன்று.

நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஓரளவு நற்பேறு வாய்த்தது. 'நாடு விட்டு நாடு' எழுதிய முத்தம்மாள் பழனிசாமி தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். தொழிலறிவுக்கும் மருத்துவச்சிகளின் அறிவுக்கும் அத்தகைய தொகுப்பாளர் போதிய அளவில் அமையவில்லை.

இவ்வறிவு கைமாறாமற் போனால் என்ன ஆகும், கைமாறினால் எவ்வளவு தங்கும் என்பதற்கு மலாக்காவிலேயே ஐந்நூறாண்டுச் சான்று உண்டு. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் இத்துறைமுகத்திற்கு வந்த தமிழ் வணிகரின் வழியினர். 1511-இல் போர்த்துகீசியரும், 1641-இல் டச்சுக்காரரும் இந்நகரைக் கைக்கொண்ட காலங்களிலும் அவர்கள் இங்கேயே இருந்தனர். டச்சு ஆட்சியில் தைவநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில், 1781-ஆம் ஆண்டு எழுப்பிய பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் பூசையில் உள்ளது. உள்ளூர்ப் பெண்களை மணந்த அச்சமூகத்தின் வீட்டுமொழி மெல்ல மெல்ல மலாயாயிற்று. தமிழ் போயிற்று. ஆனால் பொங்கல் போகவில்லை. போகிநாளில் முன்னோர்க்கு வாழையிலை விரித்து உணவு படைப்பது போகவில்லை. அப்படையலை அவர்கள் 'பாரச்சு' என்பர். 'படைச்சல்' என்னும் நம் ஊர்ச்சொல்லை அது நினைவூட்டுகிறது. மாரியம்மன் விழாவுக்கு 'டத்தோ சச்சார்' என்று பெயர். 'சச்சார்' என்பது மலாயில் அம்மை நோய். தெய்வமும் நோயும் நோன்பும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. பெயர் மட்டும் மலாக்கா.

ஏன் சில தங்கின, சில தங்கவில்லை? ஆண்டுதோறும் கையால் செய்தவை தங்கின. இலையை எப்படி விரிப்பது, எதனை முதலில் வைப்பது என்பதைப் பேரன் பக்கத்தில் நின்று செய்து கற்றான். கேட்டு மட்டும் வைத்தவை நழுவின. அச்சமூகத்தார் எழுதி வைத்திருந்தால் மொழி காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சொல்வாருண்டு. இருக்கலாம், எனினும் படிப்பார் இல்லாத ஏட்டால் ஆவதென்ன என்பதைக் குடந்தைக் கதை காட்டிவிட்டது.

மின்னணு முறையில் மரபறிவைச் சேர்க்க உலகில் நடந்த முயற்சிகளில் இரண்டினை இங்கே எதிரெதிர் வைத்துப் பார்க்கலாம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது தமிழ்வீட்டுக் குழந்தையும் அறிந்தது. அதற்கு 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினர். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997-இல் அதனை நீக்கியது. அதன் விளைவாக 2001-இல் இந்திய அரசு மரபறிவு மின்னணு நூலகம் ஒன்றைத் தொடங்கி, ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்த்துச் சேர்த்தது. திருட்டைத் தடுக்க அது சிறந்த வேலி. ஆனால் நெடுங்காலம் அதனைப் படிக்கும் வாய்ப்பு காப்புரிமை அலுவலகங்களுக்கே இருந்தது. சித்தரின் பாட்டு ஜப்பானிய அலுவலர்க்கு விளங்கியது. சித்தரின் ஊர்ப்பிள்ளைக்கு அக்கதவு திறக்கவில்லை.

மற்றொன்று மலேசியாவிலேயே, சரவாக்கின் பாராம் ஆற்றுப் பகுதியில், லோங் லாமாய் என்னும் பெனான் குடியிருப்பில் நடந்தது. பெனான் மக்களிடம் 'டோரோ' என்றொரு வழக்கம் உண்டு. முதியோர் இளையோரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, தங்கி, மரமும் விலங்கும் வழித்தடமும் காட்டிக் கற்பிப்பர். இளையோர் பள்ளிக்கும் நகரத்துக்கும் சென்றபின் அவ்வழக்கம் தளர்ந்தது. சரவாக் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் அம்மக்களோடு சேர்ந்து ஒரு முறை வகுத்தனர். முதியவர் காட்டுக்குச் செல்கிறார். கையில் தட்டைக் கணினியோடு இளைஞரும் செல்கிறார். முதியவர் செடியைக் காட்டிப் பெயரும் பயனும் சொல்ல, இளைஞர் படமெடுத்து இடத்தையும் குறித்துக்கொள்கிறார். எதனைப் பதியலாம், எதனை வெளியார்க்குக் காட்டலாகாது என்பதை ஊர்ப்பெரியோரே முடிவு செய்கின்றனர். குச்சியும் இலையும் வைத்துக் காட்டில் செய்தி சொல்லும் 'ஓரோ' என்னும் குறிமொழியும் அவ்வாறே இளையோர்க்கான மின்னணு விளையாட்டாயிற்று.

இவ்விரண்டிலும் கருவி ஒரே இனத்தது. முதலாவதில் பதிவு முடிந்ததும் வேலை முடிந்தது. இரண்டாவதில் பதிவு செய்வதற்காகவேனும் இளைஞர் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முதியவரோடு நடக்க வேண்டியிருந்தது. கேட்ட பெயரைத் திரும்பச் சொல்லித் திருத்தம் பெற வேண்டியிருந்தது. கோப்பு நாளை அழிந்து போனாலும் அந்நடை அவ்விளைஞரிடம் எஞ்சும். திண்ணைப் பள்ளியில் முறை சொன்னதும், ஐயர் சமணர் வீட்டுக்குப் போனதும், செட்டிவீட்டுப் பேரன் இலை விரித்ததும் இதே வகை.

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளைக் கொண்டு பாட்டன் பாட்டியரைப் பதிவு செய்ய முனையும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு சில நடைமுறைச் செய்திகளைத் தருகிறது. இக்காலப் பதிவுகளில் கைப்பேசி பெரும்பாலும் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் முகத்தில் அன்பு உண்டு, பால்வெட்டு இல்லை. கையைப் படமெடுக்க வேண்டும். அவர் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதிப் பக்கத்தில் மலாய்ப் பெயரையும் சேர்க்க வேண்டும். செடியாயின் இலையின் அடிப்பக்கமும் படத்தில் தெரிதல் வேண்டும். பதிந்ததைப் பெரியவர்க்கே போட்டுக் காட்டினால், "அப்படியில்லை அய்யா, கத்தியை இப்படிப் பிடிக்கணும்" என்று அவர் எழுந்து வருவார். அத்திருத்தமே பாடத்தின் உயிர். வெளியே காட்டலாமா என்பதையும் அவரையே கேட்டுவிடுவது முறை. ஊர், ஆண்டு, பேசியவர் பெற்றோர் வந்த வழி ஆகியன குறிக்கப்படாத பதிவு, 'காத்தில்' என்னும் சொல்லைப் போலக் கொடுத்தவர் பெயரின்றி நிற்கும்.

காலம் குறுகியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவது 1938-இல் நின்றது. அதற்கு முன் வந்தோரிடம் நேரே கேட்டு வளர்ந்தோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். மலாக்கா மாநிலத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. புக்கிட் காத்திலைச் சுற்றிலும் இன்று காணப்படுவன வீட்டு வரிசைகளே. வெட்டிக் காட்டப் பாட்டிக்கு மரம் வேண்டும். அதற்கு ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் சிறுதோட்டக்காரர் எவரையேனும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பிள்ளைகளையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே புறப்பட வேண்டும். பள்ளி நேரம் பார்த்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மரத்தில் பால் நின்றிருக்கும்.